கண்ணொளி வழங்கிய திருத்தொண்டு
மதுரையில் மலர்ந்த கண் மருத்துவப் பணியின் வரலாறு

அம்பிகையின் திருநாமங்களுள் பல, கண்ணைச் சிறப்பித்து அமைந்தவை. மதுரையில் மீனாட்சி, காஞ்சியில் காமாட்சி, காசியில் விசாலாட்சி, நாகையில் நீலாயதாட்சி என வழங்கும் பெயர்கள் யாவும் அன்னையின் அருள்நோக்கைக் குறிப்பனவாகும். மீனானது தன் முட்டைகளைப் பார்வையாலேயே பேணிக் குஞ்சு பொரிக்கச் செய்யும் என்பது ஆன்றோர் கொண்ட கருத்து. அதுபோல் அங்கயற்கண்ணியும் தன் கடைக்கண் நோக்கினால் உயிர்களைக் காத்தருள்கின்றாள் என்பர். கண்நோய் கண்டவர்கள் மாரியம்மன் சந்நிதியில் வெள்ளியாலான கண்மலரைக் காணிக்கையாகச் செலுத்தும் வழக்கமும் தொன்றுதொட்டு இருந்து வருகின்றது.

நாயன்மார் வரலாற்றிலும் கண்ணுக்குத் தனி இடம் உண்டு. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்து கொடுத்த சூளுறவை மீறி ஊரெல்லையைக் கடந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள், அக்கணமே பார்வையை இழந்தார். திருவெண்பாக்கத்தில் இறைவன் அவருக்கு ஓர் ஊன்றுகோலைக் கொடுத்தருளினார். காஞ்சித் திருவேகம்பத்தில் இடக்கண் கிடைத்தது. திருவாரூரில் வலக்கண் கிடைத்தது. இவ்வரலாற்றில் ஊன்றிக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. பார்வை இழந்த இடத்திற்கும் பார்வை மீண்ட இடத்திற்கும் இடையே நெடுந்தொலைவு இருந்தது. அத்தொலைவைக் கடப்பதற்குக் கோலும், வழியில் துணைநிற்பாரும் வேண்டியிருந்தனர்.

சென்ற நூற்றாண்டில் தென்னிந்தியக் கிராமங்களில் பார்வை இழந்து வாழ்ந்த இலட்சக்கணக்கான ஏழைகளின் நிலையும் இதுவேயாகும். அவர்களுட் பெரும்பாலோருக்கு நோயைத் தீர்க்கும் மருத்துவம் இருந்தது. ஆனால் அது நகரத்தில் இருந்தது. அதை அடையும் வழியும் துணையும் அவர்களுக்கு இல்லை. அவ்வழியை அமைத்துக் கொடுத்த ஒரு தொண்டின் வரலாறு, மீனாட்சியம்மை ஆட்சி செய்யும் மதுரை மாநகரிலேயே நிகழ்ந்தது.

பண்டைய மரபு

கண்புரைக்கு அறுவை செய்யும் முறை பாரதநாட்டிற்குப் புதியதன்று. சுசுருதர் பெயரால் வழங்கும் மருத்துவ நூலில், ஒளி மங்கிய விழிவில்லையைக் கருவியினால் பார்வைப் பாதையிலிருந்து விலக்கித் தள்ளும் முறை விளக்கப்பட்டுள்ளது. பரம்பரை வைத்தியர்கள் ஊர் ஊராகச் சென்று இம்முறையைக் கையாண்டு வந்தனர். சிலருக்குப் பார்வை கிட்டியது; கண்ணில் சீழ் பிடித்து உள்ளதையும் இழந்தோர் பலர்.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், தம் நகரில் தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை நடத்தி வந்தார். கண்நோயாளிகளின் விவரங்களையும், அவர்களுடைய கண்களின் வண்ண ஓவியங்களையும், செய்யப்பட்ட சிகிச்சைகளையும் கொண்ட குறிப்புகள் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. கண்புரை அறுவையைப் பற்றிய செய்திகளும் அவற்றில் அடங்கியுள்ளன. அக்காலத்திலேயே, அதாவது 1819ஆம் ஆண்டில், சென்னையில் கண் மருத்துவமனை ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. பின்னாளில் எழும்பூருக்கு மாற்றப்பட்ட அந்நிலையமே இன்றைய அரசு கண் மருத்துவமனை. உலகின் மிகப் பழைமையான கண் மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்றாகும்.

ஆயினும் மன்னரின் மருத்துவ நிலையமும் தலைநகரின் மருத்துவமனையும் நாடி வந்தவர்களுக்கே பயன்பட்டன. வர இயலாதவர்களின் நிலை மாறவில்லை.

புரையும் வறுமையும்

கண்புரை என்பது தொற்றுநோயன்று. பெரும்பாலும் முதுமையின் விளைவு. கண்ணினுள் பளிங்கு போல் இருக்க வேண்டிய வில்லை, காலப்போக்கில் ஒளி புகாதவாறு மங்கிவிடுகின்றது. மருந்தினாலோ சொட்டுநீரினாலோ இது தெளிவதில்லை. அறுவை ஒன்றே வழி. இந்தியாவில் 1986க்கும் 1989க்கும் இடையே நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வின்படி, பார்வையற்றோருள் 100க்கு 80 பேர் கண்புரையினாலேயே அந்நிலையை அடைந்திருந்தனர். எனவே அக்காலத்தில் பார்வையின்றி வாழ்ந்தோருள் பெரும்பகுதியினர், சிறிய ஓர் அறுவையினால் மீண்டும் பார்வை பெறக்கூடியவர்களாகவே இருந்தனர்.

வயலில் கூலி வேலை செய்யும் ஒருவர் கண்ணொளி இழந்தால், அவருடைய கூலி நின்றுவிடுகின்றது. அவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டிய பேரனோ பேத்தியோ பள்ளிக்குச் செல்ல முடியாமற் போகின்றது. ஒருவரின் இருள் குடும்பம் முழுவதையும் சூழ்ந்துகொள்கின்றது. வயதானால் தலை நரைப்பது போல் கண்ணும் மறைவது இயல்பே என்றும், எல்லாம் விதி என்றும் எண்ணி, திண்ணையில் அமர்ந்தே காலத்தைக் கழித்தவர்கள் எண்ணற்றோர். பெண்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. வீட்டினுள்ளேயே இருப்பவருக்குக் கண் எதற்கு என்று கருதிய குடும்பங்களும் இருந்தன.

முகாம்களின் தோற்றம்

மருத்துவரே நோயாளியை நாடிச் செல்லுதல் வேண்டும் என்னும் எண்ணம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வலுப்பெற்றது. சிந்துப் பகுதியிலுள்ள சிகார்ப்பூரில் சர் ஹென்றி ஹாலந்து ஆண்டுதோறும் கண் சிகிச்சை முகாம் நடத்தினார். பஞ்சாபில் மோகா என்னும் ஊரில் டாக்டர் மதுராதாஸ் ஏழைகளுக்குப் பெருமளவில் கண்புரை அறுவை செய்து புகழ் பெற்றார். கர்நாடகத்தைச் சேர்ந்த டாக்டர் எம். சி. மோடி ஊர் ஊராகச் சென்று, ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோருக்கு அறுவை செய்யும் முகாம்களை நடத்தினார். பள்ளிக்கூடங்களும், சத்திரங்களும், திருமண மண்டபங்களும் சில நாட்களுக்கு மருத்துவமனைகளாக மாறின. ஊர்ப் பெரியவர்கள் உணவளித்தனர். இளைஞர்கள் தொண்டு புரிந்தனர். அன்னதானமும் தண்ணீர்ப் பந்தலும் கண்ட நாட்டில், கண் முகாமும் ஓர் அறமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இம்மரபைத் தமிழகத்தில் வேரூன்றச் செய்து, அதனை நிலையான அமைப்பாக உயர்த்திய பெருமை டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அவர்களையே சாரும்.

வளைந்த விரல்களும் வளையாத உறுதியும்

டாக்டர் வெங்கடசாமி 1918ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள் முதல் நாளன்று, எட்டயபுரத்திற்கு அருகிலுள்ள வடமலாபுரம் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பமொன்றின் மூத்த மகனாகப் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றபின், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1944இல் மருத்துவப் பட்டம் பெற்றார். உறவுப் பெண்கள் பிள்ளைப்பேற்றின்போது மாண்ட துயரத்தை இளமையிலேயே கண்டவராதலின், மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே அவருடைய விருப்பமாக இருந்தது.

இறைவன் திருவுள்ளம் வேறாக இருந்தது. இராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றி வந்த அவரைக் கொடிய முடக்குவாதம் தாக்கியது. 1948இல் இராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். நெடுங்காலம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். விரல்கள் கோணி வளைந்து போயின. பேனாவைப் பிடிப்பதே அரிதாகிவிட்ட அக்கைகளால் மகப்பேறு மருத்துவம் செய்தல் இயலாதென்ற நிலையில், அவர் கண் மருத்துவத்தைத் தேர்ந்துகொண்டார். விரல்களைச் சிறிது சிறிதாகப் பழக்கி, அறுவைக் கத்தியைப் பிடிக்கக் கற்றார். அக்கைகளே பிற்காலத்தில் ஒரு நாளில் நூறு கண்புரை அறுவைகள் வரை செய்தன. தம் வாழ்நாளில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட அறுவைகளை அவர் செய்தார் என்பது வரலாறு.

1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும், அன்று எர்ஸ்கின் மருத்துவமனை என வழங்கிய அரசு மருத்துவமனையின் கண் அறுவை மருத்துவராகவும் பொறுப்பேற்றார். 1960களின் தொடக்கம் முதல் கிராமப்புறங்களில் கண் முகாம்களை முறையாக நடத்தலானார். 1965இல், பார்வையற்றோருக்கான காமன்வெல்த் சங்கத்தை நிறுவிய சர் ஜான் வில்சனைச் சந்தித்தார். தாமே பார்வையற்றவராயினும் உலகெங்கும் சுற்றிக் கண்ணிழப்பைத் தடுக்கப் பாடுபட்ட அப்பெருமகனாரின் நட்பு, டாக்டர் வெங்கடசாமியின் நோக்கை மேலும் விரிவாக்கியது. பார்வையற்றோருக்கான மறுவாழ்வு நிலையமும், கண் மருத்துவ உதவியாளர்களுக்கான பயிற்சியும் மதுரையில் அவருடைய முயற்சியால் தொடங்கப்பெற்றன. 1973இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

பதினொரு படுக்கைகள்

1976இல், 58ஆம் வயதில், அரசுப் பணியிலிருந்து அவர் ஓய்வு பெற்றார். பிறர் ஓய்வை நாடும் பருவத்தில் அவர் புதிய பணியைத் தொடங்கினார். அதே ஆண்டில் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் கண் மருத்துவமனை ஒன்று உருவாயிற்று. புதுவை ஸ்ரீ அரவிந்தரின் நெறியில் ஆழ்ந்த பற்றுக் கொண்டவராதலின், அம்மகானின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

பெருஞ்செல்வம் எதுவும் அவரிடம் இல்லை. வீட்டை அடைமானம் வைத்தும், குடும்பத்துப் பெண்களின் நகைகளை அடகு வைத்தும் பொருள் திரட்டினர். தங்கை டாக்டர் நாச்சியாரும், அவர்தம் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் மருத்துவப் பணியில் தோள் கொடுத்தனர். தம்பி சீனிவாசன் கட்டடப் பணியையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார். திருமணம் செய்துகொள்ளாத டாக்டர் வெங்கடசாமிக்கு உடன்பிறந்தோரும் அவர்தம் மக்களுமே குடும்பமாயினர். அக்குடும்பமே தொண்டர் கூட்டமாயிற்று.

கட்டணம் செலுத்த வசதியுள்ளோரிடம் நியாயமான கட்டணம் பெறுவது. அதில் மிகுவதைக் கொண்டு வசதியற்றோருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ சிகிச்சை அளிப்பது. இதுவே அவர்கள் வகுத்துக்கொண்ட முறை. அறுவையைச் செய்யும் மருத்துவர் இரு பிரிவினருக்கும் ஒருவரே. இலவசப் பிரிவில் கட்டிலுக்குப் பதிலாகத் தரையில் பாய் இருந்தது. ஆனால் அறுவையின் தரத்தில் வேற்றுமை இல்லை. ஏழைக்கு எது போதும் என்று பாராமல், கண்ணுக்கு எது தேவை என்று பார்த்தனர்.

காலவிரயத்தைத் தவிர்க்கும் பொருட்டு அறுவைக் கூடத்தில் ஒரு புதிய ஒழுங்கு கையாளப்பட்டது. ஒரு மருத்துவருக்கு இரு அறுவை மேசைகள். ஒன்றில் அறுவை நடைபெறும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளி ஆயத்தம் செய்யப்படுவார். மருத்துவர் அறுவையை மட்டுமே செய்வார். ஏனைய பணிகள் அனைத்தையும் பயிற்சி பெற்ற செவிலியர் செய்வர். இதனால் ஒரு மருத்துவர் செய்யக்கூடிய அறுவைகளின் எண்ணிக்கை பன்மடங்கு உயர்ந்தது, செலவு குறைந்தது. இச்செவிலியருள் மிகப் பலர் கிராமத்து ஏழைக் குடும்பங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, ஈராண்டுப் பயிற்சி பெற்ற இளம்பெண்களே ஆவர். கிராமத்தின் கண்ணொளிக்குக் கிராமத்துப் பெண்களே கைகொடுத்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

தேனியில் 1985இலும், திருநெல்வேலியில் 1988இலும், கோயம்புத்தூரில் 1997இலும், புதுச்சேரியில் 2003இலும் கிளை மருத்துவமனைகள் எழுந்தன.

இலவசம் என்றும் வராதவர்கள்

தொண்டு செய்வோர் அனைவரும் கருத்திற் கொள்ளத்தக்க பாடம் ஒன்று இவ்வரலாற்றில் உண்டு. தொடக்க காலத்தில் கிராமங்களில் கண்களைச் சோதித்து, அறுவை தேவை என்று கூறி, மருத்துவமனைக்கு வந்தால் இலவசமாகச் செய்யப்படும் என்று அறிவித்தனர். தலையசைத்தவர் பலர், வந்தவர் சிலர். காரணத்தை ஆராய்ந்தபோது உண்மை புலப்பட்டது. அறுவை இலவசம்தான், ஆனால் பேருந்துக் கட்டணம் இலவசமன்று. உடன் வரும் மகன் இழக்கும் கூலிக்கு ஈடு இல்லை. நகரத்தில் உண்ணவும் தங்கவும் இடமில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, கத்தி என்றவுடன் உள்ளத்தில் எழும் அச்சத்தைப் போக்குவார் இல்லை.

இதன்பின் முறை மாறியது. முகாமன்றே நோயாளிகளைப் பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்து வந்தனர். உணவும், தங்குமிடமும், மருந்தும் இலவசமாக வழங்கி, அறுவைக்குப் பின் ஊரிலேயே கொண்டு சேர்த்தனர். ஓர் ஊரைச் சேர்ந்தவர்கள் ஒன்றாகவே வந்து ஒன்றாகவே திரும்பியதால், அச்சம் தணிந்தது; துணை கிடைத்தது. எவ்வழியில் அழைத்தால் மக்கள் அறுவைக்கு இசைவர் என்பதைப் பற்றிய ஆய்வு ஒன்று 1991இல் வெளியாயிற்று. செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்வது பெரிதும் பயன்தரும் என்பதும், ஏற்கெனவே அறுவை செய்துகொண்டு பார்வை பெற்ற ஒருவர் வீடு வீடாகச் சென்று எடுத்துரைத்தால் மக்கள் நம்புவர் என்பதும் அதனால் தெளிவாயின. சுவரொட்டிகளும் ஒலிபெருக்கியும் செய்யாததை, பார்வை மீண்ட ஒரு பாட்டியின் சொல் செய்தது.

முகாம் நடைபெறும் முறையும் செப்பம் பெற்றது. அரிமா சங்கங்கள், ரோட்டரி சங்கங்கள், சமய அமைப்புகள், பள்ளிகள், ஆலைகள் முதலியவை பொறுப்பேற்று, இடத்தையும் விளம்பரத்தையும் பிற செலவுகளையும் கவனித்துக்கொண்டன. மருத்துவமனை மருத்துவர்களையும் கருவிகளையும் அனுப்பியது. பெயர்ப் பதிவு, பார்வைச் சோதனை, கண் நீரழுத்தச் சோதனை, இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, மருத்துவர் பரிசோதனை என ஒவ்வொன்றும் வரிசை முறையில் நடைபெற்றது. மூக்குக்கண்ணாடி தேவைப்படுவோருக்கு அங்கேயே அது கிடைக்கச் செய்யப்பட்டது. பள்ளிகளிலும் மண்டபங்களிலும் அறுவை செய்யும் பழைய வழக்கம், தொற்றுக்கு இடமளிக்கும் என்ற காரணத்தால் நாளடைவில் கைவிடப்பட்டது. முகாமில் சோதனை, மருத்துவமனையில் அறுவை என்பதே நெறியாயிற்று.

இந்திய அரசும் 1976இல் பார்வை இழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 1994இல் உலக வங்கியின் துணையோடு, தமிழகம் உள்ளிட்ட 7 மாநிலங்களில் கண்புரை ஒழிப்புத் திட்டம் செயற்படுத்தப்பட்டது. 1978இல் சென்னையில் டாக்டர் பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்ராலயாவும் இக்காலத்தில் அரும்பணி ஆற்றியது.

வில்லையின் விலை

பழைய முறை அறுவையில் மங்கிய வில்லையை எடுத்துவிடுவர். அதற்கு ஈடாகத் தடித்த கண்ணாடியை அணிய வேண்டும். அக்கண்ணாடியில் பொருள்கள் பெரிதாகவும் பக்கங்கள் வளைந்தும் தோன்றும். அது உடைந்தாலோ தொலைந்தாலோ மீண்டும் இருள்தான். 1949இல் இலண்டனில் சர் ஹரால்ட் ரிட்லி, கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையைப் பொருத்தும் முறையைக் கண்டார். அம்முறை செப்பமடைந்து செல்வ நாடுகளில் பரவிய பின்னரும், அவ்வில்லையின் விலை ஏழைகளுக்கு எட்டாததாகவே இருந்தது. நூறு அமெரிக்க வெள்ளியளவு விலையுள்ள வில்லையை இலட்சக்கணக்கான ஏழைகளுக்கு எவ்வாறு வழங்குவது? வறிய நாடுகளுக்குப் பழைய கண்ணாடியே போதும் என்று கூறியோரும் இருந்தனர்.

அதனை ஏற்க டாக்டர் வெங்கடசாமியின் உள்ளம் இடந்தரவில்லை. 1992இல் மதுரையிலேயே அரோலேப் என்னும் தொழிற்கூடம் அமைக்கப்பட்டு, கண் வில்லைகள் உருவாக்கப்படலாயின. சேவா என்னும் அமெரிக்க அறநிறுவனமும் இதற்குத் துணை நின்றது. வில்லையின் விலை காலப்போக்கில் பத்தில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கியது. மதுரையில் செய்யப்பட்ட வில்லைகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றன. அதே ஆண்டில் அரிமா சங்கத்தின் துணையுடன் சமுதாயக் கண் மருத்துவப் பயிற்சி நிலையமும் தொடங்கப்பெற்றது. பிற மாநிலங்களிலிருந்தும் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் மருத்துவர்களும் நிர்வாகிகளும் அங்கு வந்து பயின்றனர். கற்ற வித்தையை மறைத்து வைக்காமல் வேண்டுவோர்க்கெல்லாம் கற்பித்தது, இப்பணியின் மற்றொரு சிறப்பாகும்.

நூற்றுக்கு ஏழு

ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான முகாம்கள் நடைபெற்றன, கூட்டம் அலைமோதியது. பாராட்டுகள் குவிந்தன. இந்நிலையில் மன நிறைவு கொண்டு நின்றுவிடுவது எளிது. ஆனால் 1999இல் வெளியான ஓர் ஆய்வு கசப்பான உண்மையை உணர்த்தியது. முகாம் நடைபெற்ற கிராமங்களிலேயே, கண் குறைபாடுள்ளோருள் 100க்கு ஏறத்தாழ 7 பேர் மட்டுமே முகாமுக்கு வந்திருந்தனர். எஞ்சிய 93 பேர் வீட்டிலேயே இருந்துவிட்டனர்.

முகாமில் திரண்டவர்களைக் கண்டு மகிழ்ந்தவர்கள், வராதவர்களை எண்ணிப் பார்க்கலாயினர். முகாம் என்பது ஆண்டில் ஒரு நாள் வரும் திருவிழாவைப் போன்றது. அன்று உடல்நலம் குன்றியவர், அறுவடைக்குச் சென்றவர், அழைத்து வர ஆளில்லாதவர் ஆகியோர் அதனை இழந்துவிடுகின்றனர். திருவிழா வேண்டும், ஆனால் நித்திய பூசையும் வேண்டுமன்றோ? இவ்வுணர்வின் பயனாக 2004 முதல் சிற்றூர்களில் நிலையான பார்வை மையங்கள் அமைக்கப்பட்டன. ஏறத்தாழ 50,000 மக்கள் வாழும் பகுதிக்கு ஒரு மையம். அங்குப் பயிற்சி பெற்ற பணியாளர் கண்களைச் சோதிப்பார். தொலைவிலுள்ள மருத்துவர் கணினித் திரையில் நோயாளியுடன் நேருக்கு நேர் உரையாடி ஆலோசனை வழங்குவார். பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சமாயின. அத்தகைய மையங்களின் எண்ணிக்கை இன்று நூற்றைத் தாண்டிவிட்டது.

2006ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் டாக்டர் வெங்கடசாமி தமது 87ஆம் வயதில் இறைவன் திருவடி நிழலை அடைந்தார். பணி தொய்வின்றித் தொடர்ந்தது. 2008இல் கேட்ஸ் விருதும், 2010இல் ஹில்டன் மனிதநேய விருதும் அந்நிறுவனத்தை நாடி வந்தன. 11 படுக்கைகளுடன் தொடங்கிய அவ்விடத்தின் வாயிலாக இதுவரை 70 இலட்சத்திற்கும் மேற்பட்ட அறுவைகளும் கண் சிகிச்சைகளும் செய்யப்பட்டுள்ளன. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ செய்யப்பட்டவையாகும்.

கண்ணப்பர் காட்டிய நெறி

காளத்தியப்பரின் கண்ணில் குருதி வழியக் கண்டு, தம் கண்ணையே இடந்து அப்பியவர் கண்ணப்ப நாயனார். கண்ணுக்குக் கண் என்னும் அவ்வன்பின் நெறி, கண்தானமாக இன்று உலகில் வழங்குகின்றது. கண்ணின் முன்புறத்திலுள்ள கருவிழிப் படலம் நோயினாலோ காயத்தினாலோ வெண்மை படர்ந்து மறைந்துவிட்டால், இறந்தவர் ஒருவரின் தெளிந்த படலத்தைப் பொருத்துவதே தீர்வு. இலங்கையில் டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் கண்தான சங்கத்தை நிறுவி, இக்கருத்தை வீடுதோறும் கொண்டு சென்றார். அச்சங்கம் 1964இல் முதன்முதலாகக் கடல் கடந்து அனுப்பிய கண்கள், பனிக்கட்டி இட்ட குடுவையில் சிங்கப்பூரையே வந்தடைந்தன. முன்பின் அறியாத ஒருவரின் கண், வேற்று நாட்டில், வேற்று இனத்தவர் ஒருவருக்கு ஒளியாயிற்று. கண் கொடுத்தால் மறுபிறவியில் குருடாகப் பிறக்க நேரும் என்னும் அச்சம் சிலரிடையே உண்டு. கண்ணப்பரை நாயன்மாருள் வைத்து வணங்கும் சைவ சமயத்தில் அவ்வச்சத்திற்கு இடமில்லை.

தொண்டர் கடமை

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 220 கோடிக்குக் குறையாத மக்களுக்குப் பார்வைக் குறைபாடு உண்டு. அவர்களுள் 100 கோடிப் பேரின் குறைபாடு தடுத்திருக்கக்கூடியதோ, இன்னும் சரிசெய்யப்படாமல் இருப்பதோ ஆகும். எனவே இருள் இன்னும் விலகிவிடவில்லை.

புரை நன்றாக முற்றிய பின்னரே அறுவை செய்ய வேண்டும் என்பது பழங்காலக் கருத்து. இன்று அவ்வாறு காத்திருக்க வேண்டியதில்லை. நீரிழிவு உள்ளவர்கள் பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். நீரிழிவினால் விழித்திரையில் ஏற்படும் கேடு, தொடக்கத்தில் எவ்வித வலியையும் தருவதில்லை. உணரும்போது காலம் கடந்துவிடுகின்றது. கண் நீரழுத்த நோயும் அத்தகையதே. அதனால் இழந்த பார்வை மீள்வதில்லையாதலின், 40 வயதைக் கடந்தோர் கண்ணழுத்தத்தைச் சோதித்தல் நன்று. கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லத் தெரியாத குழந்தையை, படிப்பில் மந்தம் என்று எண்ணிவிடுதலும் தவறு. ஒரு மூக்குக்கண்ணாடி அக்குழந்தையின் வாழ்வையே மாற்றிவிடக்கூடும்.

ஆலயத்திற்கு வரும் முதியவர்கள் தீபாராதனையின்போது கண்களைச் சுருக்கிக்கொண்டு மூலவரை நோக்குவதைக் காணலாம். சிலர் ஆலயத்திற்கு வருவதையே நிறுத்திவிட்டிருப்பர். நூற்றுக்கு ஏழு என்னும் கணக்கு மதுரைக் கிராமங்களுக்கு மட்டும் உரியதன்று. வாராதவர் யார், ஏன் வரவில்லை என்று கேட்டறிந்து, அவர்தம் கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் திருத்தொண்டேயாகும். பிறவியிலேயே பார்வையற்றிருந்த தண்டியடிகள் நாயனார், கயிற்றைக் கட்டித் தடவிச் சென்று திருவாரூர்த் திருக்குளத்தைத் தோண்டினார். இறைவன் அவருக்குக் கண் கொடுத்தருளினான். கண்ணிருப்போர் அக்கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டால், இருளில் தடுமாறுவோர் பலர் கரையேறுவர்.

அங்கயற்கண்ணி அம்மையின் அருள்நோக்கு அனைவர்க்கும் கிட்டுக! கண்ணொளி பெற்றோர் யாவரும் அவள் திருமுகம் கண்டு மகிழ்க!